மேகமில்லாத படங்கள்

ஜனவரி 2, வியாழன்

கோமதி புது நாட்குறிப்பு வாங்கி வந்தாள். போன வருஷத்து நாட்குறிப்பில் பாதிப் பக்கம் காலியாம். இந்த வருஷமாவது ஏதாவது செய்துவிட்டு எழுதுங்கள் என்றாள்.

நிறுவனத்தில் இன்று வரைபடத்தைத் திரையில் போட்டார்கள். ராமநாதபுரம் மாவட்டம் முழுவதும், பத்து ஆண்டுகள். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக் கணினியே நிலத்தை வகை பிரித்திருக்கிறது: நீர், பயிர், மரம், உப்பளம், கட்டிடம், தரிசு. எந்த இடம் எந்த ஆண்டு மாறியது என்பதையும் அதுவே சொல்கிறது. தரிசுக்குச் சிவப்பு நிறம். என் வேலை மிகச் சிறியது. புதிய முறையின் துல்லியத்தை வெளியாள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று விதி. கல்லூரியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன், யாரோடும் வம்புக்குப் போகாதவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கலாம்.

துல்லியம் தொண்ணூற்று நான்கு சதவீதம். திட்டத் தலைவர் பெனிட்டா எல்லோருக்கும் கேசரி வரவழைத்தார். பிப்ரவரி 12 அன்று வரைபடம் அரசுக் குழுவுக்குப் போகிறது. பத்து ஆண்டுகளாக யாரும் தொடாத அரசு நிலமாகப் பார்த்துச் சூரிய மின்நிலையத்துக்கு ஒதுக்கப்போகிறார்கள். சிவப்பு எங்கே இருக்கிறதோ அங்கே.

என் கார் நிறுத்தும் இடத்தில் மூன்றாம் மாடிக்காரரின் பைக் நிற்கிறது. சொல்ல வேண்டும்.

ஜனவரி 7, செவ்வாய்

தொண்ணூற்று நான்கு என்னை உறுத்துகிறது. இவ்வளவு பெரிய மாவட்டத்துக்கு அது அதிகம். ஆனால் இந்தக் காலத்துக் கணினிகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பெனிட்டாவிடம் கேட்க நினைத்து அவர் அறை வாசல்வரை போனேன். தொலைபேசியில் இருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

மோட்டார் பழுது. தண்ணீர் லாரி வந்தது.

ஜனவரி 10, வெள்ளி

செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் ஒரு காரியம் செய்தேன். கணினி எந்தெந்தத் தேதிப் படங்களை எடுத்துக்கொண்டது என்று ஒரு பட்டியல் கேட்டு வாங்கி மாதவாரியாகப் பிரித்தேன். மார்ச், ஏப்ரல், மே. கொஞ்சம் ஜூன். அக்டோபரில் ஒன்றும் இல்லை. நவம்பரில் ஒன்றும் இல்லை. டிசம்பரில் பத்து ஆண்டுக்கும் சேர்த்து இரண்டு.

காரணம் எளியது. ஒரு படத்தில் இருபது சதவீதத்துக்கு மேல் மேகம் இருந்தால் கணினி அதைத் தானாகவே கழித்துவிடும். மிஞ்சியவற்றில் தெளிவானதை எடுத்துக்கொள்ளும். உலகம் முழுவதும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த மாவட்டத்தில் மழை பெய்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அங்கே பயிர் நிற்பதும் அப்போதுதான். வானம் பார்த்த பூமி. வருஷத்துக்கு ஒரே ஒரு போகம். வானம் தெளிகிற மார்ச்சில் அறுவடை முடிந்து கட்டாந்தரையாகக் கிடக்கும்.

அப்படியானால் நாம் பத்து ஆண்டுகளாக, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு வீட்டைப் படம் பிடித்துவிட்டு, இங்கே யாரும் குடியில்லை என்று சொல்கிறோம்.

நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். இவ்வளவு பேர் கவனிக்காததை நான் கவனித்தேன் என்பது நம்பும்படி இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மகன் தொலைபேசியில் பேசினான். மூன்றாம் மாடிக்காரர் கரும்பு கொடுத்தார். இப்போது எப்படிச் சொல்வது?

ஜனவரி 17, வெள்ளி

ராடார் செயற்கைக்கோள் மேகத்தின் ஊடாகவும் பார்க்கும். அதற்கு நிறம் தெரியாது. தரையின் ஈரமும் அதன் மேல் என்ன வளர்ந்திருக்கிறது என்பதும் ஓரளவு தெரியும். அந்தப் படங்கள் பொரிபொரியாக, சரியாகத் துலங்காமல் இருக்கும் என்பதால் யாரும் அதிகம் தொடுவதில்லை. நான் சிவப்பில் ஒரு துண்டு நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்து ஆண்டு ராடார் அளவுகளை ஒரு கோடாக வரைந்தேன். செவ்வேந்தல் என்ற சிற்றூர். முதுகுளத்தூர்ப் பக்கம்.

எட்டு ஆண்டுகளில் கோடு நவம்பரில் தாழ்ந்து, டிசம்பரில் எழுந்து, ஜனவரிக் கடைசியில் விழுகிறது. தண்ணீர் நிற்கிறது, ஏதோ வளர்கிறது, பிறகு அது இல்லாமல் போகிறது. இரண்டு ஆண்டுகளில் மட்டும் தட்டையாகக் கிடக்கிறது. அந்த இரண்டும் மழை பொய்த்த ஆண்டுகள். கருவேலங்காடாக இருந்தால் கோடு எப்போதும் மேலேயே இருந்திருக்கும்.

ஆனால் மழைக்கு முளைத்துக் காய்கிற வெறும் புல்லும் இப்படி ஒரு கோட்டைத் தரும். எனவே என்னால் எதுவும் சொல்ல முடியாது.

கோமதி எட்டிப் பார்த்துவிட்டு, “நெல்லா, புல்லான்னு தெரியலேன்னா போய்ப் பாத்துட்டு வர வேண்டியதுதான? இங்க உக்காந்து அந்தக் கோட்டையே மொறச்சுப் பாத்தா அது சொல்லிருமா?” என்றாள். பயணப் பைக்குள் சுக்குப்பொடியும் வைத்துவிட்டாள்.

ஜனவரி 21, செவ்வாய். பரமக்குடி, விடுதி அறை

செவ்வேந்தலுக்குப் போனேன். அது நெல்தான். வரப்பில் நின்றேன், முழங்காலுக்கு மேல் நெல். கதிர் சாய்ந்து, இன்னும் ஒரு வாரத்தில் அறுத்துவிடலாம் போல இருந்தது. வரைபடத்தில் நான் நின்ற இடம் சிவப்பு.

வயதில் அறுபதை ஒட்டிய ஒரு பெண் வந்தார். பெயர் ராக்கு. அவரோடு இன்னும் மூன்று நான்கு பேர். நிலம் அரசுக் கணக்கில் தரிசு. ஆனால் மாமனார் காலத்திலிருந்து அவர்கள்தான் உழுகிறார்கள். பட்டா கிடையாது. நிறுவனத்தின் தரைச் சரிபார்ப்புப் படிவத்தில் உள்ளபடி, இங்கே என்ன பயிர் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ஒண்ணும் வெளையாது சார்,” என்றார் ராக்கு. “மூணு வருசமா எல்லாம் சாவி. இந்த மண்ணுல என்னத்த வெளையும்?” சாவி என்றால் மணி பிடிக்காத பதர்.

சொல்லும்போது அவர் முதுகுக்குப் பின்னால் கதிர் ஆடிக்கொண்டிருந்தது. மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் கதிரைப் பார்த்தேன். நான் பார்ப்பதை ராக்குவும் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் பொய் என்று எப்படிச் சொல்வது? படிவத்தில் ‘விவசாயி கூற்று: பயிர் இல்லை’ என்று எழுதினேன். கீழே சிறிதாக ‘பின்னால் நெல் நின்றது’ என்று சேர்த்தேன். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என்னை அழைத்துவந்த வண்டிக்காரர் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது.

எதற்காக வந்தேன் என்று அவர்களிடம் சொல்லவே இல்லை. நாளை இன்னொரு முறை போக வேண்டும்.

ஜனவரி 22, புதன்

போனேன். ராக்கு களத்து மேட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைப் பின்னால் மறைத்தார். விளையாத ஊரில் களம் எதற்கு என்று நான் கேட்டுவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ.

இது வறட்சி நிவாரணத்துக்கான கணக்கு இல்லை என்று சொன்னேன். பின்னே எதற்கு என்றார். வானத்திலிருந்து எடுத்த படத்தில் இந்த இடம் பத்து வருஷமாக யாரும் தொடாத நிலம் என்று இருக்கிறது, அப்படிப்பட்ட நிலத்தில் சூரிய மின்தகடு வைக்கப்போகிறார்கள் என்று சொன்னேன். பட்டா இல்லாததால் உங்களிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை, இந்தப் படம்தான் சாட்சி, அது உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்றும் சொன்னேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னதாக ஞாபகம்.

ராக்கு துடைப்பத்தைக் கீழே போட்டார்.

“போன வருசம் போனும் கையுமா வந்த பயலுககிட்டயும் இதத்தான சொன்னோம்.”

யார் அவர்கள் என்று கேட்டேன். அடையாளம் சொன்னார். எங்கள் ஆட்கள். கணினி சொல்வது சரியா என்று தரையில் சரிபார்க்க ஊர் ஊராகப் போனவர்கள். அவர்கள் வந்தது வெயில் காலத்தில். வயல் வெறுமையாக இருந்தது. அருகில் இருந்தவர்களைக் கேட்டிருக்கிறார்கள். கணக்கெடுக்க வருகிறவர்கள் என்றால் வறட்சி நிவாரணத்துக்குத்தான் என்று பழகிப்போன ஊர்கள். ஒன்றும் விளையாது என்று ஊருக்கு ஊர் ஒரே பதில். கணினியும் அதையே சொல்லியிருந்தது. இரண்டும் பொருந்திவிட்டன. தொண்ணூற்று நான்கு சதவீதம்.

இதை அவரிடம் விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: “நாங்க பொய் சொன்னோம், சரி. வயித்துக்காகச் சொன்னோம். மேல நின்னு பாக்குற மிசினுக்கு யாரு சார் பொய் சொல்லக் கத்துக் குடுத்தது?”

தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது ஒரு கட்டு நெற்கதிர் கொடுத்தார். “சாவிதான், கொண்டுபோங்க,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜனவரி 27, திங்கள்

பெனிட்டாவிடம் சொன்னேன். எழுதி வைத்துப் படித்தேன், இல்லாவிட்டால் பாதியில் நிறுத்தியிருப்பேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், “தொண்ணூத்தி நாலுன்னு ஏற்கெனவே மேல சொல்லியாச்சு சார்,” என்றார். மாவட்டம் முழுவதையும் ராடாரில் திரும்பச் செய்ய ஆறு மாதமாவது ஆகும். குழு கூடுவதற்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது.

திருத்த வேண்டாம் என்றேன். ஒரு நிறத்தை மட்டும் சேர்க்கலாமா என்று கேட்டேன். மழைக்காலப் படம் இல்லாத இடங்களில் சிவப்பை எடுத்துவிட்டுச் சாம்பல் பூசலாம். சாம்பலுக்குப் பொருள்: தெரியவில்லை.

“சேட்டிலைட் வெச்சுப் பாத்துட்டுத் தெரியலைன்னு மேப் குடுத்தா, அடுத்த வருஷம் இந்த ரூம்ல வேற யாராவது உக்காந்திருப்பாங்க சார்.”

அது உண்மைதான். அவருக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவள் இந்த ஆண்டு கல்லூரி. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 31, வெள்ளி

பெனிட்டா கூப்பிட்டார். திரையில் வரைபடம். சும்மா போட்டுப் பார்த்தேன் சார் என்றார். சிவப்பில் பாதிக்கு மேல் சாம்பலாகியிருந்தது. செவ்வேந்தலும் சாம்பல்தான்.

பிறகு அவர், இப்படியே கொடுக்கலாம், ஆனால் குழுவில் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். அவரே சொன்னால் தன் வேலையைத் தானே குறை சொன்னதாக ஆகும். சரிபார்க்க வந்த வெளியாள் சொன்னால் அது முறை.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 5, புதன்

குளியலறையில் பேசிப் பார்த்தேன். “உள்ள யாருகிட்டப் பேசிட்டிருக்கீங்க?” என்று கோமதி கதவைத் தட்டினாள். குழுவிடம் என்றேன். “அவங்க என்ன சொல்றாங்க?” இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். “அப்பத் தண்ணிய மூடிட்டுப் பேசுங்க. டேங்க் காலியாகுது.”

பிப்ரவரி 12, புதன்

குழுக் கூட்டம். நான் நடந்துகொண்ட விதம் சரியில்லை. அதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

நீள மேசை. குழுத் தலைவர் நடுவில். வரைபடம் திரையில் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே சாம்பலைப் பற்றியது. நான் எழுந்தேன். மேகம், மழைக்காலம், நிவாரணம் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். காகிதத்தைப் புரட்டினேன், வேண்டிய பக்கம் அகப்படவில்லை. பார்க்காமலே சொன்னேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். தண்ணீர் தம்ளர் என் முழங்கை பட்டுச் சாய்ந்தது.

“அதாவது, தெரியாதுன்னு சொல்லத்தான் இவ்வளவு பெரிய ஆராய்ச்சி?” என்றார் தலைவர். சிலர் சிரித்தார்கள். அவர் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், சாம்பலை வைத்துக்கொண்டு நிர்வாகம் நடத்த முடியாது என்பதுபோல. அவர் முடிப்பதற்குள் நான் பேசிவிட்டேன். அதுதான் தவறு.

“ஐயா, சிவப்புன்னு போட்டா நீங்க யாரும் அந்த நிலத்தைப் போய்ப் பாக்க மாட்டீங்க. சாம்பல்னு போட்டாப் போய்ப் பாத்துதான் ஆகணும். அதுக்காகத்தான் போட்டிருக்கோம்.”

நான் குரலை உயர்த்திவிட்டேன் என்று நினைக்கிறேன். வெளியே வந்ததும் பெனிட்டாவிடம் அதற்கு வருத்தம் தெரிவித்தேன். நான் பேசியது கேட்கவில்லை என்று கடைசி வரிசையில் இரண்டு பேர் பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தார்கள் என்றார். அவர் என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லியிருக்கலாம்.

முடிவு: சாம்பல் நிலங்களை இப்போது ஒதுக்குவதில்லை. ராடார் வேலை நடக்கட்டும். ஆனால் ஒருமுறை தவறிய இயந்திரத்தை மட்டும் நம்ப முடியாது என்றார் தலைவர். அதில் நியாயம் இருக்கிறது. வருகிற மழைக்காலத்தில் வருவாய்த் துறையினர் நேரில் போய்ப் பார்ப்பார்கள். பயிர் இருந்தால் நிலத்தை உழுகிறவர்களுக்கே விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் சிவப்பு.

ராக்குவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “நவம்பர்ல வந்தா வயலே பேசும் சார்,” என்றார்.

பிப்ரவரி 13, வியாழன்

வாய்ச்சொல்லை மட்டும் வைத்துச் சரி என்று போட்ட இடங்களைக் கழித்துவிட்டுத் துல்லியத்தைத் திரும்பக் கணக்கிட்டோம். எழுபத்தொன்று. பெனிட்டா அதைப் பலகையில் பெரிதாக எழுதினார். இதற்கும் கேசரி உண்டா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரே வரவழைத்தார்.

ஜூன் 19, வியாழன்

தரைச் சரிபார்ப்புப் படிவத்தை மாற்றினோம். முதலில் தரையைப் படம் எடுக்க வேண்டும். எதற்காக வந்தோம் என்று சொல்ல வேண்டும். கேள்வி அதற்குப் பிறகுதான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ராடார் முறை முழு மாவட்டத்துக்கும் முடிந்தது. வரைபடத்தில் புது வகை ஒன்று சேர்ந்திருக்கிறது: ஆண்டுக்கு ஒருமுறை விளையும் நிலம். பெனிட்டா அதற்கு வெளிர்பச்சை கொடுத்தார். செவ்வேந்தல் வெளிர்பச்சை. குழுவைப் பொறுத்தவரை இன்னும் சாம்பல்தான்.

வகைக்குப் பெயர் வைத்தது நான் என்று அறிக்கையில் போட்டிருக்கிறார்கள். எடுத்துவிடச் சொன்னேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

அங்கே மழை இல்லை. செய்தித்தாளில் தினமும் பார்க்கிறேன். சென்னையில் நேற்றுப் பெய்தது. இங்கே எதற்கு?

நவம்பர் 9, ஞாயிறு

ராடார் கோடு தட்டையாக இருக்கிறது. மூன்று தடவை பார்த்தேன். கணக்கில் பிழை இருக்க வேண்டும் என்று முதல் முறையாக ஆசைப்பட்டேன். பிழை இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

ராக்குவிடமிருந்து தொலைபேசி. வியாழக்கிழமை அதிகாரிகள் பார்வையிட வருகிறார்களாம். ஆவணியில் புழுதியில் விதைத்தது. விதை இன்னும் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. பாதியை எறும்பு தின்றுவிட்டது. கண்மாயில் ஆடு மேய்கிறது.

“அப்ப வெளைஞ்சு நின்னுச்சு, ஒண்ணும் வெளையலன்னு சொன்னோம். இந்த வருசம் நெசமாவே வெளையல. இப்ப என்ன சார் சொல்லட்டும்?”

சிரிப்பதுபோலத்தான் கேட்டார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் வேறு ஆட்களின் குரலும் கேட்டது.

இதுவரை யார் என்ன கேட்டாலும், இருக்கலாம் என்றுதான் நான் பேச்சைத் தொடங்குவேன். கோமதி அதைச் சொல்லிக் காட்டுவாள். இப்போது அவள் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உள்ளதையே சொல்லுங்கம்மா,” என்றேன். “இந்த வருஷம் வெளையலைன்னு சொல்லுங்க. முன்னாடி பத்து வருஷத்தை நான் வந்து சொல்றேன்.”

“நீங்க வாரீகளா?”

“வரேன்.”

தொலைபேசியை வைத்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. வறண்ட வயலைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிற அதிகாரியிடம், காகிதத்தில் ஒரு கோட்டைக் காட்டி நம்புங்கள் என்று சொல்ல வேண்டும். எட்டு ஆண்டு எழுந்த கோடு. தட்டையாகக் கிடந்த இரண்டையும் மறைக்காமல் காட்ட வேண்டும். இந்த ஆண்டும் அவற்றைப்போன்ற ஒன்று என்று அப்போதுதான் புரியும். அவர் நம்புவாரா என்று தெரியவில்லை. பெனிட்டாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று மறுக்க நினைத்து மறுக்கவில்லை.

ஜனவரியில் கொண்டுவந்த நெற்கதிரைக் கோமதி பூஜை அறைக் கதவில் கட்டியிருந்தாள். அதை அவிழ்த்துப் பைக்குள் வைத்தாள், கூடவே சுக்குப்பொடியும். பைக் இன்னும் என் இடத்தில்தான் நிற்கிறது. டாக்சி உள்ளே வர முடியாது. தெருமுனைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 13, வியாழன். ரயிலில்

மானாமதுரை தாண்டிவிட்டது. எதிர் இருக்கையில் பெனிட்டா, மடியில் பத்து ஆண்டுக் காகிதங்களோடு தூங்குகிறார். ஜன்னலுக்கு வெளியே வெடித்த தரை. உழுதவன் கை பட்ட தரை என்று மேலிருந்து யாருக்கும் தெரியாது. பக்கத்திலிருந்து பார்த்தால் உழவுச் சால் கோடுகள் தெரிகின்றன.

கிழக்கே வானம் கறுத்திருக்கிறது. பெய்தாலும் இனி இந்த ஆண்டுப் பயிருக்கு உதவுமா என்று எனக்குத் தெரியவில்லை. இருபது சதவீதத்துக்கு மேல் மேகம் இருக்கும். பழைய கணக்காக இருந்தால் இன்றைய படத்தைக் கழித்திருப்போம்.